‘எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்க’: தீம் பார்க் கேட்டில் தொடங்கும் சாப்பாட்டுக் கணக்கு

திண்டுக்கல்லில் ஸ்கூலுக்கு லீவு விட்டால் அடுத்த வாரமே பிள்ளைகள் ஆரம்பிச்சிடுவாங்க. கொடைக்கானல் வேண்டாம், போன வருஷமே பார்த்தாச்சு. தண்ணியில ஆடணும், ராட்டினம் ஏறணும். பக்கத்துல என்றால் மதுரை ரோட்டில் பரவை அதிசயம். ஒரு நாள் முழுக்க ஒதுக்க முடியும்னா மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர். இன்னும் கொஞ்சம் காசும் லீவும் இருந்தால் கொச்சி வொண்டர்லா. டிக்கெட் எவ்வளவு, வேன் வாடகை எவ்வளவு என்று எல்லா வீட்டிலும் கணக்குப் போடுவோம். சாப்பாட்டுக்கு மட்டும் யாரும் கணக்குப் போடுவதில்லை. ‘அதான் வீட்ல கட்டிக்கிட்டுப் போயிடலாமே!’

போன மே மாதம் நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம். அப்பா, அம்மா, அக்கா, மாமா, அக்கா பிள்ளைகள் ரெண்டு பேர், நான். எந்தப் பார்க் என்பது இங்கே முக்கியமில்லை. அம்மா விடிகாலை மூன்றரைக்கு எழுந்து ஒரு தூக்கு நிறைய புளியோதரை கிளறினாங்க. இன்னொரு தூக்கில் தயிர் சாதம். அதுவும் பாலை ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டுக் கிளறியது. மதியம் திறக்கும்போதுதான் சரியாகத் தோய்ந்திருக்கும், புளிக்காது. தனியாக உருளைக்கிழங்கு வறுவல், மோர் மிளகாய், வாழை இலை நறுக்கு. கேட்டில் பையைத் திறந்து பார்த்த செக்யூரிட்டி அண்ணன், திட்டவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்: “வெளிச்சாப்பாடு உள்ள விட மாட்டோம்மா. வண்டியில வச்சிட்டு வந்துடுங்க.”

ரெண்டு தூக்கும் மே மாத வெயிலில் வேனுக்குள் போய் உட்கார்ந்தன.

மதியம் ஃபுட் கோர்ட்டில் ஐந்து பேருக்குச் சாப்பாடு, தண்ணீர் பாட்டில், பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம். பில் 1,900 ரூபாய்ச் சொச்சம். ஏழு பேர் போய் ஏன் ஐந்து சாப்பாடு? அப்பா விலைப்பலகையைப் பார்த்துவிட்டு, “எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்க” என்றார். அம்மா, “காலையில சாப்பிட்டதே நெஞ்சுல நிக்குது” என்றாங்க.

அப்பாவுக்கு ஒன்பது வருஷமாக சுகர். நாலு மணி சுமாருக்கு அலைக்குளம் பக்கத்து பெஞ்சில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி உட்கார்ந்திருந்தார். அக்கா ஓடிப்போய் ஜூஸ் வாங்கி வந்து கொடுத்தபிறகுதான் நிதானத்துக்கு வந்தார். சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் ஒருவேளை சாப்பாட்டைத் தவறவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம் என்பது எங்கள் எல்லோருக்குமே தெரியும். தெரிந்தும், அவர் ‘பசிக்கல’ என்று சொன்னபோது நம்பிவிட்டோம். நம்புவது வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

‘டூர்ல சாப்பாட்டுச் செலவைக் குறைக்க பத்து வழி’ என்று நிறைய படிக்கிறோம். நம்ம வீடுகளில் அதற்கு ஒரே வழிதான் நடைமுறையில் இருக்கு: பெரியவர்கள் பட்டினி கிடப்பது.

வெளிச்சாப்பாடு கூடாதுன்னு சொல்ல அவங்களுக்கு உரிமை இருக்கா?

இருக்கு. குறைந்தபட்சம் தியேட்டருக்கு இருக்கு. 2018இல் ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம், பார்வையாளர்கள் வெளியிலிருந்து உணவு கொண்டுவருவதைத் தடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. 2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தியேட்டர் தனியார் சொத்து, நிபந்தனை வைக்க உரிமையாளருக்கு அதிகாரம் உண்டு, உள்ளே வாங்கிச் சாப்பிடுவதும் சாப்பிடாததும் பார்வையாளரின் விருப்பம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். யாராவது ஜிலேபி சாப்பிட்டுவிட்டு சீட்டில் கையைத் துடைத்தால் என்ன செய்வது என்று தலைமை நீதிபதி கேட்டது அப்போது எல்லா இடத்திலும் செய்தியானது. அதே தீர்ப்பில் ரெண்டு விஷயம் சேர்த்தே பேசப்பட்டது: சுத்தமான குடிநீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும், கைக்குழந்தைக்கான உணவை நியாயமான அளவில் பெற்றோர் கொண்டுபோகலாம். இந்தப் பாதியை யாரும் போர்டில் எழுதி வைப்பதில்லை.

தீம் பார்க்குகளும் இதே நியாயத்தைத்தான் சொல்கின்றன. எனக்கு உடன்பாடு இல்லாத இடம் இதுதான். சினிமா மூன்று மணி நேரம். பாப்கார்ன் வாங்காமல் இருந்தால் யாரும் மயங்கி விழப் போவதில்லை. தீம் பார்க்கில் காலை பத்தரைக்கு நுழைந்து சாயங்காலம் ஆறு வரை இருக்கிறோம். நடுவில் ஒரு முழு மதியச் சாப்பாட்டு வேளை வருது. தண்ணியில ரெண்டு மணி நேரம் ஆடிய எட்டு வயசுப் பிள்ளைக்கு வர்ற பசியை ‘விருப்பம்’ என்று எப்படிச் சொல்வது? ஒரு நாள் முழுக்க ஆளை உள்ளே வைத்துக்கொள்கிற இடத்துக்குச் சாப்பாடும் டிக்கெட்டின் பகுதிதான். விலையை மட்டும் கேட்டுக்கு உள்ளே போனபிறகு சொல்றாங்க.

பார்க் நடத்துகிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. குளத்துப் பக்கம் கண்ணாடி பாட்டில் உடைந்தால் ஆபத்து. பையில் சாப்பாட்டோடு சேர்ந்து சரக்கும் வரும். எலும்பும் இலையும் கிடந்தால் குரங்கு, நாய், ஈ. அதோடு, ஃபுட் கோர்ட் வருமானம் இல்லையென்றால் டிக்கெட் விலை ஏறும் என்பதும் உண்மையாகவே இருக்கலாம். பங்குச்சந்தையில் உள்ள வொண்டர்லா நிறுவனம் தன் நிதி அறிக்கைகளில் டிக்கெட் வருவாயைத் தனியாகவும், டிக்கெட் அல்லாத வருவாயைத் தனியாகவும் காட்டுகிறது. அந்த அளவுக்கு இந்தத் தொழிலில் சாப்பாடும் கடையும் முக்கியம்.

ஆனால் வேறு வழியே இல்லையா என்றால், இருக்கு. அமெரிக்காவில் டிஸ்னி பார்க்குகளில் சொந்தச் சாப்பாட்டைக் கொண்டுபோகலாம். கண்ணாடியும் மதுவும் கூடாது, சூடு பண்ணித் தரச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். டோக்கியோ டிஸ்னிலாண்டில் கட்டுச்சோற்றை உள்ளே விட மாட்டார்கள், ஆனால் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட இடம் போட்டிருக்கிறார்கள். ஷாங்காய் டிஸ்னிலாண்டில் 2019 வரை தடை இருந்தது. 50 யுவானுக்கும் குறைவான தின்பண்டத்தை கேட்டில் தடுத்ததற்காக ஒரு சட்டக் கல்லூரி மாணவி வழக்குப் போட்டார். அந்த வருஷம் செப்டம்பரில் நிர்வாகம் விதியை மாற்றியது. மாணவிக்கு 50 யுவான் கொடுத்து சமரசமும் ஆனது. அதனால் பார்க் ஒன்றும் மூடப்படவில்லை.

தண்ணீர் பாட்டில்: கூட்டி விற்கலாமா?

ரயில்வே ஸ்டேஷனில் ஒரு லிட்டர் ரயில் நீர் 14 ரூபாய். 2025 செப்டம்பர் 22இல் தண்ணீருக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தபோது 15இலிருந்து இறங்கிய விலை அது. சுற்றுலா இடங்களில் ஒரு பாட்டிலுக்கு நாம் எவ்வளவு கொடுக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும்.

சட்டமுறை எடையளவு விதிகள் சொல்வது இது: பொட்டலத்தில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடக்கம், அதற்கு மேல் சில்லறைக் கடைக்காரர் விற்கக் கூடாது. முன்பெல்லாம் ஏர்போர்ட்டுக்கு, மாலுக்கு என்று ஒரே பாட்டிலுக்கு வேற விலை அச்சடிப்பார்கள். 2018 ஜனவரி 1 முதல் அதற்கும் தடை. ஆனால் ஒரு ஓட்டை இருக்கு. ஹோட்டல், ரெஸ்டாரன்ட்டில் உட்கார வைத்துப் பரிமாறும்போது எம்.ஆர்.பி.யைவிடக் கூடுதலாக வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே விற்பது பாட்டில் மட்டும் இல்லை, இடமும் சேவையும் சேர்த்துத்தான் என்பது வாதம். அப்போ, ஃப்ரிட்ஜைத் திறந்து பாட்டிலை எடுத்துக் கையில் கொடுக்கிற பார்க் கடை ரெஸ்டாரன்ட்டா? இல்லை என்றுதான் நான் சொல்வேன். அச்சிட்ட விலையையும் பில்லையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் செய்யலாம். சிப்ஸ், பிஸ்கெட், ஐஸ்கிரீம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தட்டில் வருகிற சாப்பாட்டுக்கும் பேப்பர் கோனில் வருகிற பாப்கார்னுக்கும் எம்.ஆர்.பி. கிடையாது, அங்கே சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை.

அதைவிட எளிது, காலி பாட்டில் கொண்டுபோவது. காலி பாட்டிலை சாப்பாடு என்று யாரும் சொல்ல முடியாது. உள்ளே குடிநீர்க் குழாய் எங்கே என்று முதல் வேலையாகக் கேளுங்க. நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு இது ஏற்கெனவே பழக்கம்தான்: கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், மலை ஏறுகிறவர்கள் எவர்சில்வர் பாட்டிலோடுதான் போறாங்க.

சரி, என்னதான் செய்யலாம்?

கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு போன். வெளிச்சாப்பாடு உண்டா என்று கேட்காதீங்க, பதில் தெரிந்ததுதான். ‘வெளியே போய் சாப்பிட்டுட்டு திரும்ப வர முடியுமா?’ என்று கேளுங்க. கையில் முத்திரை குத்தியோ பட்டை கட்டியோ திரும்ப உள்ளே விடுகிற இடமாக இருந்தால் உங்க பிரச்சினை அங்கேயே முடிந்தது. கட்டுச்சோறு வேனில் இருக்கட்டும், பன்னிரண்டரைக்கு வெளியே வந்து சாப்பிடலாம். ஆனால் மே மாத வேனுக்குள் தயிர் சாதம் தாங்காது. புளியோதரை, எலுமிச்சை சாதம், எண்ணெய் தடவிய இட்லிப்பொடி இட்லி தாங்கும்.

வீட்டில் சுகர்காரர் இருந்தால் டாக்டர் சீட்டைப் பையின் மேலேயே வையுங்க. ஒரு டப்பா சாப்பாட்டுக்காகக் கேட்கும்போது சங்கடப்பட வேண்டாம். கேட்பது சலுகை அல்ல, மருந்தோடு சேர்ந்த விஷயம். கேட்டில் இருக்கிறவர் முடியாது என்றால் மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்க. நாங்க அன்றைக்குக் கேட்கவே இல்லை. ‘நாலு பேர் பார்க்குறாங்க’ என்று தூக்கை எடுத்துக்கிட்டுத் திரும்பினோம். கட்டுச்சோறு கொண்டுவந்தது என்னமோ கஞ்சத்தனம் மாதிரி. பழனிக்கு நடந்து போகிறவர்களும் சித்திரைத் திருவிழாவுக்கு வண்டி கட்டிப் போனவர்களும் சோறு கட்டிப் போன ஊர்தானே இது, அப்போ யாரும் வெட்கப்படவில்லை.

சாப்பாட்டோடு சேர்ந்த டிக்கெட் என்று விற்பார்கள். எல்லாருக்கும் அதை வாங்காதீங்க. ராட்டினம் ஏறாத பாட்டிக்கும், ரெண்டு வாய் சாப்பிட்டு ஓடுகிற ஐந்து வயசுக்கும் பஃபே நஷ்டம்தான். அவர்களுக்குத் தனியாக வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று ஒரு தடவை கூட்டிப் பாருங்க.

காலைச் சாப்பாட்டை வழியில் ஒன்பது, ஒன்பதரைக்குத் தள்ளிப் போடலாம். மதியப் பசி ரெண்டு மணிக்குத்தான் வரும், கூட்டமும் குறைந்திருக்கும். எண்ணெயில் மிதக்கிற பூரி வேண்டாம், ராட்டினத்தில் அது திரும்பி வரும். வழக்கமாக ‘கிளம்பும்போதே ஒரு பிரியாணி’ என்பார் எங்க மாமா. திண்டுக்கல்காரருக்கு சீரகச் சம்பா வாசனையை எதிர்த்து வாதாட முடியாதுதான். ஆனால் பிரியாணியைத் திரும்பி வரும்போது வச்சுக்கிட்டா, ஃபுட் கோர்ட்டில் கொடுக்கிற காசில் ஊர்ல எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடலாம். பிள்ளைகளிடமும் காலையிலேயே சொல்லிடலாம்: உள்ளே ஆளுக்கு ஒரு ஐஸ்கிரீம், ராத்திரி பிரியாணி.

பார்க் நிர்வாகங்களிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருக்கு. உள்ளே விட வேண்டாம். பார்க்கிங் பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை, ரெண்டு குழாய், நாலு குப்பைத் தொட்டி போடுங்க. மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கையில் முத்திரையோடு வந்து போகட்டும். கண்ணாடியும் எலும்பும் குளத்துப் பக்கம் வராது. பஜ்ஜியும் ஐஸ்கிரீமும் எப்படியும் உங்களிடம்தான் வாங்கப் போகிறார்கள். சுற்றுலாத் துறையும் மாவட்ட நிர்வாகமும் பார்க்குகளோடு பேசும்போது இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த மே மாதமும் போகலாம் என்று அக்கா பிள்ளைகள் ஆரம்பிச்சாச்சு. போன வாரம் ஒரு பார்க்குக்கு நானே போன் பண்ணிக் கேட்டேன். முத்திரை குத்தி விடுவார்களாம், ஒரே ஒரு தடவை. பார்க்கிங்கில் நிழல் இருக்கா என்றேன். ஒரு புங்கமரம் இருக்கு என்றார் எதிர்முனையில் பேசியவர். அம்மா இப்பவே பாயைத் தட்டிக் காயப்போட்டுட்டாங்க. அப்பாவிடம் மட்டும் ஒன்று சொல்லியிருக்கிறோம்: ஒரு மணிக்கு அவர்தான் முதல் இலை.