வண்டி மருத்துவம்: ஏசி இயங்காத லாரி

காரைக்குடிச் சகோதரி ஒருவர் கேட்கிறார்: ‘கணவரின் பழைய லாரியில் ஏசி இயங்கவில்லை. கேஸ் நிரப்பச் சொல்கிறார்கள். நிரப்பலாமா?’

சற்றுப் பொறுங்கள், சகோதரி. சித்திரை வெயிலில் ஏசி ஆடம்பரமன்று. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் அது கட்டாயமே. ஆனால் காற்றே வரவில்லையெனில் கேஸுக்கு அதில் தொடர்பில்லை. ஃபியூஸ், ரிலே, புளோயர் மோட்டாரைச் சோதிக்கட்டும். காற்று வந்தும் குளிரவில்லையெனில், கம்ப்ரசர் கிளட்ச் பிடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் மிகக் குறைந்தால் அழுத்த சுவிட்ச் கிளட்சுக்குரிய மின்சாரத்தைத் துண்டித்துவிடும். கம்பி இணைத்து அதனை ஏமாற்றுவோர் உண்டு. எண்ணெய் சுழலாமல் கம்ப்ரசரே போய்விடும். கேஸ் தானாகத் தீரும் பொருளன்று. கசிவைக் கண்டு அடைத்த பிறகே நிரப்பப் பணம் கொடுங்கள்.

ரிலே மாற்ற நேர்ந்தால், கனரக லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட். காரின் 12 வோல்ட் ரிலே கருகிவிடும்.