திட்டத்தை நடுவில் மாற்றலாமா? ஏற்காட்டுக்கு இது ஏன் முக்கியம்?

வெளிநாட்டு நிதியில் ஒரு திட்டம் வருது. போட்ட பிளான் வேலை செய்யலைன்னா? அளந்து பார்த்து, மாத்திக்கிட்டே போறதுதான் 'தகவமைப்பு மேலாண்மை'.

தமிழ்நாடு இதைப் பார்த்திருக்கிறது. உலக வங்கி உதவியுடன் 1980-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், முதலில் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் சோதிக்கப்பட்டது. மாதாமாதம் குழந்தைகளுக்கு எடை பார்த்தார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு, தேறியதும் நிறுத்தம். கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு குறைந்தது; மிதமான குறைபாடு எதிர்பார்த்தபடி குறையவில்லை. அதனால் 1990-களில் வந்த 2-ம் கட்டம் இலக்கையே மாற்றியது.

ஏற்காட்டில்? காபித் தோட்ட வேலைக்குப் போன அம்மா பகலில் அங்கன்வாடிக்கு வர முடியலைன்னா, மாற வேண்டியது அம்மாவா, நேரமா? நேரத்தை மாற்றும் அதிகாரம் மலையிலேயே இருக்கணும்.