லதாவை வரைந்தவர்

மாதுங்காவில் ஒரு கல்யாணம். பக்கத்து இலை மாமா விசாரித்தார். "பொண்ணு என்ன பண்றா?"

"பன்னிரண்டாவது மாமா. டிசைன் படிக்கணும்ங்கறா."

"டிராயிங்கா? ஏன், மார்க் கம்மியோ?"

அந்தப் படிப்பு பவாய் ஐ.ஐ.டி.யிலேயே இருக்கிறது, அதற்கு யூசீட் என்று தனி நுழைவுத் தேர்வு என்றதும் மனுஷர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐ.ஐ.டி. என்ற மூன்றெழுத்துக்கு உள்ள மரியாதை வேலைக்கு இல்லை. எனக்கு வந்த கோபத்தில் பாயசம் இரண்டாம் தடவை வாங்க மறந்துவிட்டேன் :-)

அந்த மாமாவுக்கு ஆர். கே. ஜோஷியைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். ரகுநாத் கிருஷ்ண ஜோஷி (1936-2008), மராத்திக்காரர். கவிஞரும்கூட. மும்பை விளம்பர நிறுவனங்களில் பல வருஷம் இருந்துவிட்டு, 1980களில் இதே பவாய் ஐ.ஐ.டி.யின் வடிவமைப்பு மையத்தில் வாத்தியாராகப் போனார். கையால் எழுதிப் பழகாதவன் எழுத்துரு செய்ய முடியாது என்ற கட்சி. ஓய்வுக்குப் பிறகு கணினிக்கான இந்திய மொழி எழுத்துருக்களில் இறங்கினார். இந்திக்கு மங்கள், தமிழுக்கு லதா.

ஆமாம், அதே லதாதான். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இணையத்தில் தமிழ் படித்தவர்கள் அநேகமாக எல்லோரும் லதா மூலமாகத்தான் படித்தோம். அதற்கு முன்னால் பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் திரை முழுக்கப் பூச்சி பூச்சியாகத் தெரியும். வெளியூரில் இருந்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் மறந்திருக்காது.

லதா அழகி என்று சொல்ல மாட்டேன். அகலமாக, ஒரே தடிமனில், சின்ன அளவில் கண்ணை உறுத்தும். அச்சில் பார்த்தால் இன்னும் மோசம். ஆனால் அந்த வேலையின் கனம் வேறு. 'கொ' என்று அடித்தால் கொம்பு முன்னால் போக வேண்டும், கால் பின்னால் நிற்க வேண்டும். கு, சு, டு, து, மு, இவற்றை வரிசையாக எழுதிப் பாருங்கள். உகரம் ஒவ்வொன்றிலும் வேறு மாதிரி வளைகிறது. பதினெட்டு மெய்க்கு உகரம், ஊகாரம் மட்டுமே முப்பத்தாறு உருவம்! இதெல்லாம் தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவரின் மேற்பார்வையில் நடந்திருக்கிறது. எழுத்துரு என்றால் கணினியோடு தானாக வருகிற சமாசாரம் என்று நானே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

எனக்கென்னவோ, வெளியூர்த் தமிழ்க் குடும்பங்கள் இந்தப் படிப்பைப் பார்த்து இத்தனை பயப்பட வேண்டியதில்லை என்று தோன்றுகிறது. சம்பளம் இன்ஜினீயர் அளவுக்கு வருமா என்றால், ஆரம்பத்தில் வராமலும் போகலாம். என் மனைவிக்கு இன்னும் அந்தக் கவலை தீரவில்லை, எனக்கும் முழுசாகத் தீர்ந்தது என்றால் பொய். அதற்காகக் கையில் இருப்பதை மார்க் இல்லாதவர்கள் போகிற வழி என்று சொல்வதா?

என் பெண் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். தமிழ் வகுப்புக்கு அனுப்பி, அழுகை, சண்டை, நிறுத்தியாயிற்று. கல்யாணத்திலிருந்து வந்த ராத்திரி நோட்டில் 'ழ'வை வரைந்துகொண்டிருந்தாள், பெரிசு பெரிசாக, ஒரு பக்கம் முழுக்க.

"அப்பா, இதை எங்கேருந்து ஆரம்பிக்கணும்? கையை எங்கே எடுக்கணும்?"

நாற்பது வருஷமாக எழுதுகிறேன். காற்றில் ஒரு தடவை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.