கீழாநெல்லியும் தமிழர் கடமையும்

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்ததும், இராசபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் வரை நீளும் மேற்றொடர்ச்சி மலையடிவாரத்தில், தென்னந்தோப்பிலும் மாந்தோப்பிலும் வயல் வரப்பிலும் கேட்பாரற்று முளைப்பது கீழாநெல்லி. மலைக்குள் சென்று பச்சிலை பறிப்பதற்குத் தடைகள் பல உண்டு. அக்காடு 1988 இல் சாம்பல் அணில் காப்பிடமாகவும், 2021 இல் புலிகள் காப்பகமாகவும் ஆக்கப்பட்டுவிட்டது. கீழாநெல்லிக்கோ எவர் இசைவும் வேண்டா. வரப்பில் குனிந்தால் போதும். மஞ்சட் காமாலை கண்டவர்க்கு வேரோடு பிடுங்கிக் கழுவி அரைத்து, மோரிலோ பாலிலோ கலந்து, விடியலில் வெறும் வயிற்றில் கொடுப்பதும், உப்பும் எண்ணெயும் விலக்கிப் பத்தியம் காக்கச் செய்வதும் அவ்வூர்ப் பாட்டிமார் அறிந்த முறை. பசியின்மைக்கும் வயிற்று மந்தத்துக்கும் அதுவே கைமருந்து. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனை மிகுதியாய் உண்டவனுக்கு மருந்தாகும் வரப்புச் செடியைப் பற்றித்தான் எவரும் பேசவில்லை!

அச்செடியின் பெயரே அதனை இனங்காட்டும் பாடம். இலையடுக்கின் கீழே, சிறு நெல்லிபோல் காய்கள் வரிசையாய்த் தொங்கும். ஆகவே கீழாநெல்லி, கீழ்க்காய்நெல்லி. எழுத்தறியாத சிறுவனும் இலையைத் திருப்பிப் பார்த்துச் செடியைத் தெளிவான். கொச்சியை ஆண்ட ஆலந்துக்காரர் வான் ரீடே தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்சுட்டர்டாமில் பன்னிரு மடலங்களாய் வெளிவந்த ஓர்த்தசு மலபாரிக்கசு என்னும் நூலில் இப்பெயர் 'கீர்கநெலி' எனச் சிதைந்து ஏறியது. 1789 இல் பிரெஞ்சு நிலத்திணை அறிஞர் சூசியூ அதனைக் கொண்டே ஒரு பேரினத்துக்குக் 'கீர்கநெலியா' எனப் பெயரிட்டார். தமிழும் மலையாளமும் வழங்கிய சொல்லை அயலார் மதித்துக் கொண்டுசென்றனர். தமிழரோ 'பூம்யாமலகி' என்று சொன்னால்தான் மருந்து வேலை செய்யும் என்பார்போல் நடந்தனர்.

பெயர்க் குழப்பத்தின் கேடு சிறிதன்று. இந்திய நிலத்திணை நூல்கள் நெடுங்காலம் 'பில்லாந்தசு நிரூரி' என ஒரே பெயரால் எழுதிவந்தவை உண்மையில் மூன்று தனி இனங்கள் என்பதை 1985 இல் வெளிவந்த ஆய்வொன்று தெளிவாக்கியது. அவற்றுள் 'அமாரசு' என்பதே மருந்தாய்வுகளில் மிகுதியும் பேசப்படுவது. இலத்தீனில் அச்சொல்லின் பொருள் கசப்பு என்பதே. செடியைத் தெளியாமல் செய்த மருந்து எதைத் தீர்க்கும்?

சென்னைப் பல்கலைக் கழகத்தின் தியாகராசன் குழுவினர், கரிசலாங்கண்ணியும் கீழாநெல்லியும் 'பி' வகைக் கல்லீரல் அழற்சி நச்சுயிரியின் மேற்புறப் புரதத்தைக் கண்ணாடிக் குழாய்க்குள் செயலிழக்கச் செய்வதை 1982 இல் வெளியிட்டனர். அந்நச்சுயிரியைக் கண்டறிந்தமைக்காக 1976 இல் நோபல் பரிசு பெற்றவர் அமெரிக்கர் புளூம்பெர்கு. 1987 இல் பிலடெல்பியாவின் பாக்சு சேசு புற்றுநோய் நடுவம், நிரூரி என்னும் பெயரில் இம்மூலிகைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. பாட்டியின் அம்மிக்கு அயல்நாட்டில் உரிமைப் பட்டயம்! இன்று அதன் காலம் முடிந்துவிட்டது. ஆனால் அன்று அதனைத் தடுக்கத் தமிழகத்தில் ஒரு குரலும் ஓங்கவில்லை. மஞ்சளுக்கு 1995 இல் அமெரிக்கா வழங்கிய காப்புரிமை, இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் வழக்காடியதால் 1997 இல் நீக்கப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1988 இல் தியாகராசனும் புளூம்பெர்கும் சேர்ந்து 'லான்செட்' இதழில் எழுதினர். முப்பது நாள் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்கு அந்நச்சுயிரிப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. மேடையேறும் அன்பர்கள் இவ்விடத்தில் கைதட்டலோடு நிறுத்திக்கொள்கின்றனர். நிறுத்தலாகாது. பிற நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அவ்விளைவு கிட்டவில்லை. அவ்வாய்வுகளையெல்லாம் தொகுத்து 2011 இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, வெற்று மருந்தினும் இது மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. இதனை மறைத்துப் பேசுவது தமிழ்ப்பற்று ஆகாது. அது நோயாளியை ஏமாற்றுவது.

காமாலை என்பது ஒரே நோயன்று. அழுக்கு நீரால் வரும் 'ஏ' வகை பெரும்பாலும் சில கிழமைகளில் தானே தணியும். புகழ் கீழாநெல்லிக்குப் போய்ச் சேரும். பித்தக்குழாயைக் கல் அடைத்து வரும் காமாலையை எந்தப் பச்சிலையும் திறக்காது. எலிக்காய்ச்சலால் வருவதோ நாள் கடந்தால் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிரைக் குடிக்கும். கண் மஞ்சளித்தவன் முதலில் குருதி ஆய்வுக்கும் மருத்துவரிடத்துக்கும் செல்க. அவர் அறிய, அதன்பின் கீழாநெல்லி உண்க. களைக்கொல்லி தெளித்த வரப்பின் செடியை ஒருபோதும் பறித்தல் கூடாது.

பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தாம்பரத்தில் தேசியச் சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. இவ்விரண்டும் அடிவாரத்து அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து, எந்தச் செடி, எவ்வளவு, எவ்வகைக் காமாலைக்கு, என்ன விளைவு என்று தமிழில் பதிவேடு எழுதட்டும். தோற்றதையும் எழுதட்டும். அவ்வேடு பிலடெல்பியாவில் எழுதப்படுவதற்கு முன் இராசபாளையத்தில் எழுதப்பட வேண்டும்.