கோழி எரு: மருந்தைத் தடை செய்தால் மட்டும் போதுமா?

கோழித் தீவனத்தில் கோலிஸ்டின் மருந்தைக் கலக்க மத்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது. வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகளுக்கு மருத்துவமனைகளில் கடைசியாகக் கொடுக்கும் மருந்து இது. தடை சரியானதுதான். ஆனால், பண்ணையிலிருந்து வயலுக்கு வரும் எருவைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

டெட்ராசைக்ளின், என்ரோஃபுளோக்சசின் போன்ற மருந்துகள் கோழிகளின் நோய்க்குத் தரப்படுகின்றன. அவற்றில் ஒரு பங்கு அப்படியே எச்சத்தில் வெளியேறி, களிமண்ணில் ஒட்டி நீண்ட நாள் தங்குகிறது. மருந்தைத் தாங்கப் பழகிய பாக்டீரியாவும் எருவோடு வருகிறது. அது வயலில் மடிந்தாலும், அதன் எதிர்ப்பு மரபணு மண்ணிலுள்ள மற்ற பாக்டீரியாவுக்குப் போய்விடலாம். கோலிஸ்டினை எதிர்க்கும் எம்சிஆர்-1 மரபணு இப்படிப் பரவுவதைச் சீன ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்டனர்.

தீவனத்தில் சேரும் தாமிரமும் துத்தநாகமும் இன்னொரு காரணம். உலோகத்தைத் தாங்கும் மரபணுவும் மருந்தைத் தாங்கும் மரபணுவும் பல பாக்டீரியாக்களில் சேர்ந்தே இருக்கும். அதனால் மருந்தை நிறுத்திய பின்னும், மண்ணில் சேர்ந்த உலோகம் அந்தப் பாக்டீரியாக்களைப் பிழைக்க வைக்கும்.

உரக் கட்டுப்பாட்டு ஆணையில் இயற்கை உரங்களுக்கு உலோக வரம்பு உண்டு. ஆன்டிபயாடிக் எச்சத்துக்கு வரம்பு இல்லை. லாரியில் வந்து நேரே வயலில் கொட்டப்படும் பச்சை எருவை யாரும் சோதிப்பதும் இல்லை. எனவே, விவசாயிகளே கவனிக்க வேண்டியவை:

• பச்சை எருவை நேரடியாக இடாதீர்கள். வைக்கோல் அல்லது தென்னை நார்க்கழிவு கலந்து, கரி-தழைச்சத்து விகிதத்தை 25 முதல் 30-க்கு 1 என்ற அளவுக்குக் கொண்டுவந்து மட்க வையுங்கள்.

• பிழிந்தால் சொட்டாத அளவு ஈரம் போதும். குவியலின் உள்வெப்பம் 55 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் 15 நாட்கள் இருக்கட்டும். அதற்குள் 5 முறை புரட்டுங்கள்.

• கீரை, வெங்காயம், கேரட் போல மண்ணைத் தொட்டு விளைபவற்றுக்குப் பச்சை எரு வேண்டவே வேண்டாம்.

• எருக் குவியலைக் கிணறு, வாய்க்கால் ஓரத்தில் போடாதீர்கள்.

மட்க வைத்தால் மருந்து எச்சமும் எதிர்ப்புக் கிருமிகளும் பெருமளவு குறையும், முழுதாக ஒழியாது. தாமிரமும் துத்தநாகமும் துளியும் குறையாது. அவற்றைத் தீவனத்திலேயே அளவாகச் சேர்க்க வேண்டும். கால்நடை மருத்துவர் சொல்லாமல் மருந்து கொடுப்பதையும் பண்ணையாளர்கள் நிறுத்த வேண்டும். எரு வாங்கும்போது, அந்தக் கோழிகளுக்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.