ஆற்று மணலுக்கு அந்தச் சொல் ஆகாது



தாமிரபரணி மணலை அள்ளுவதை ஆங்கிலத்தில் எழுதும்போது சிலர் 'சேண்ட் பில்ஃபரேஜ்' என்று போடுகிறார்கள். நம்ம வாட்ஸ்அப் குழுவிலும் அதே சொல் வந்தது. இங்கிலீஷ் வாத்தியாராகச் சொல்கிறேன்: அந்தச் சொல் இங்கே ஆகாது.

'பில்ஃபர்' என்றால் மதிப்புக் குறைந்த பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக, யாரும் கவனிக்காமல் எடுப்பது. ஆபீஸ் பேனாவை வீட்டுக்குக் கொண்டுபோவது, கடையில் வேலை பார்ப்பவர் இரண்டு பிடி முந்திரிப்பருப்பை மடியில் முடிந்துகொள்வது. அதுவும் களவுதான், ஆனால் சில்லறைக் களவு. சட்டமும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவில், 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் தடவை திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை.

ஆற்றை யார் திருப்பிக் கொடுப்பார்?

"அவர்களும் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே அள்ளுகிறார்கள்" என்று வாதாடலாம். சூழ்ச்சியே அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு லோடாக எண்ணினால் எதுவும் சின்னதாகத்தான் தெரியும். பாபநாசத்திலும் மணிமுத்தாறிலும் அணைகள் நிற்பதால் மேலிருந்து புது மணல் வருவது குறைவு. மணல் போனால் அது பிடித்து வைக்கிற தண்ணீரும் போகும். உறைகிணறு வற்றினால் குடம் தூக்குவது நம் வீட்டுப் பெண்கள்தான்.

அனுமதியில்லாமல் ஆற்று மணல் அள்ளுவது கனிமச் சட்டக் குற்றம் மட்டுமல்ல, திருட்டுக் குற்றமும்தான் என்று 2014லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறமும் நாம் ஏன் செல்லப்பெயர் வைக்க வேண்டும்?

இன்னொன்றையும் மறக்காதீர்கள். 2023 ஏப்ரல் 25 அன்று முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், தன் அலுவலகத்திலேயே வெட்டப்பட்டு இறந்தார். மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்ததுதான் அவர் செய்தது. அதே செப்டம்பரில் இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பேனா எடுப்பவன் யாரையும் வெட்டுவதில்லை. ஆளைக் கொன்று காக்கிற தொழிலுக்குச் சில்லறைத் திருட்டு என்று பெயரா?

வேடிக்கை என்னவென்றால், 'பில்ஃபர்' வந்தது கொள்ளைப் பொருளைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து. ஆங்கிலேயர் கையில் அது சிறுத்துப் போயிற்று. சொல் சிறுத்தால் சிறுத்துவிட்டுப் போகட்டும். குற்றத்தையும் சேர்த்துச் சிறுக்க வைக்க வேண்டாம்.

உங்களில் நிருபர்கள் இருக்கிறீர்கள், வக்கீல்கள் இருக்கிறீர்கள், தாலுகா ஆபீசில் கோப்பு எழுதுகிறவர்களும் இருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் எழுதினால் 'தெஃப்ட்' என்று எழுதுங்கள், கும்பலாக வந்து அள்ளினால் 'ப்ளண்டர்' என்று எழுதுங்கள். தமிழில் கொள்ளை என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. கூச்சப்படாமல் அதை எழுதுங்கள்.