பெரிதாக்குவதும் பெரிதுபடுத்துவதும்

மொழிபெயர்ப்புப் பயிற்சித் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். மேக்னிஃபை, என்லார்ஜ், எக்ஸ்பேண்ட் ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களுக்கும் மாணவர் பலர் 'பெரிதாக்குதல்' என்றே எழுதியிருந்தனர். எனக்கு இதில் உடன்பாடில்லை.

1665இல் ராபர்ட் ஹூக் வெளியிட்ட 'மைக்ரோகிராஃபியா' நூலில், நுண்ணோக்கியில் அவர் கண்ட தெள்ளுப்பூச்சியின் படம் ஒரு பெரிய மடிப்புத் தாளை நிறைத்துக் கிடக்கிறது. பூச்சி வளரவில்லை, கண்ணுக்குத் தெரிந்த தோற்றமே வளர்ந்தது. இது மேக்னிஃபை. ஒரு புகைப்படத்தைப் பெரிய அளவில் அச்சிட்டால் கையில் கிடைப்பது மெய்யாகவே பெரிய படம். இது என்லார்ஜ். வெயிலில் சூடேறிய தண்டவாளம் தானே நீள்வது எக்ஸ்பேண்ட்.

இத்தனை நுணுக்கம் தேவையா என்று சிலர் கேட்கக்கூடும். மனைவியின் ஐயம் கணவனின் பிழையை மேக்னிஃபை செய்தது என்று ஒரு கதையில் வருவதாகக் கொள்வோம். 'பெரிதாக்கியது' என்று பெயர்த்தால் அவன் பிழையே வளர்ந்துவிடுகிறது. 'பெரிதுபடுத்தியது' என்றால் பிழை இருந்த அளவிலேயே இருக்கிறது. பழுது அவள் பார்வையில். மூல ஆசிரியர் குற்றம் சாட்டாத ஒருவனை மொழிபெயர்ப்பாளர் குற்றவாளியாக்கிவிடுகிறார்.

தமிழில் சொல் இல்லை என்பது சாக்கு. உருப்பெருக்குதல், பெரிதாக்குதல், விரிவடைதல், பெரிதுபடுத்துதல் என வேறுபாடறிந்த சொற்கள் நம்மிடமே உள்ளன. மாறியது பொருளா, பார்வையா என்று ஒருமுறை கேட்டுவிட்டு எழுதலாமே. அந்தக் கேள்வியை நமக்காக எந்த அகராதியும் கேட்காது.